வாசகர் கேள்வி–பதில்: கராஜில் கிடந்த ஆப்பிரிக்க ராக் சிங்கிள்கள்

பழைய ஆப்பிரிக்க ராக் இசைத்தட்டுகளைப் பற்றிக் கேளுங்கள் என்று போன இதழில் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் பாதி விலையைப் பற்றியது. அதற்கும் பதில் உண்டு, ஆனால் விலைக்கு அப்பால் போகும் கேள்விகளுக்கே இங்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

சாட்ஸ்வொர்த் வாசகி: அண்ணா, பெரியப்பா தவறிய பிறகு அவருடைய கராஜைச் சுத்தம் செய்தோம். ஒரு வாழைப்பழப் பெட்டி நிறையச் சின்ன ரெக்கார்டுகள். த ஃபிளேம்ஸ் பெயர் போட்டது நாலைந்து இருக்கிறது. ஒருவர் வந்து மேலோட்டமாகப் பார்த்துவிட்டு மொத்தப் பெட்டிக்கும் ஒரே விலை சொல்கிறார். கொடுத்துவிடலாமா?

கொடுக்காதீர்கள் அம்மா, இப்போதைக்கு வேண்டாம். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்காமல் பெட்டிக்கு மொத்த விலை சொல்கிறவர், தனக்கு வேண்டியதைப் பெரும்பாலும் ஏற்கெனவே கண்ணால் பார்த்திருப்பார். முதலில் ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். தட்டின் ஓரத்தையும் நடு லேபிளையும் மட்டும் தொட்டு, ஒவ்வொன்றாக உறையிலிருந்து எடுத்து, கம்பெனிப் பெயர், லேபிளில் அச்சான எண், இரண்டு பக்கத்துப் பாட்டுகளின் பெயர், இவற்றை எழுதுங்கள். பாட்டு முடிந்து முள் சும்மா ஓடும் வழவழப்பான வளையத்தில், லேபிளை ஒட்டி, எண்களும் எழுத்துகளும் கீறியிருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் தெரியும். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஒரே பாட்டு பல தடவை அச்சாகியிருக்கும்போது எது முதல் அச்சு என்று சொல்வது பெரும்பாலும் அந்தக் கீறல்தான்.

ஃபிளேம்ஸ் என்றால் நம் ஊர்ப் பையன்கள். 1963-ல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஆரம்பித்த குழு. ஸ்டீவ் ஃபத்தார், அவர் சகோதரர்கள் எட்ரீஸ், ரிக்கி, பிறகு வந்து சேர்ந்த பிளாண்டி சாப்லின். ரிக்கி டிரம்ஸ் வாசிக்க உட்கார்ந்தபோது சின்னப் பையன். 1968-ல் 'ஃபார் யுவர் பிரெஷியஸ் லவ்' பெரிய வெற்றி. பாட்டு அமெரிக்காவிலிருந்து வந்தது, 1958-லேயே ஜெர்ரி பட்லரும் இம்ப்ரெஷன்ஸும் பாடியது. இவர்கள் பாடியபோது இந்த ஊர்க் கல்யாண மண்டபங்களுக்கும் சனிக்கிழமை டான்ஸ்களுக்கும் சொந்தமாகிவிட்டது. அப்புறம் லண்டன் போனார்கள். அங்கே அமெரிக்காவின் பீச் பாய்ஸ் குழு ஆட்கள் பார்த்து, அவர்களில் ஒருவரான கார்ல் வில்சன் தயாரிப்பில் த ஃபிளேம் என்று பெயரைச் சுருக்கி 1970-ல் ஒரு எல்பி (பல பாட்டுகள் உள்ள பெரிய தட்டு) போட்டார்கள். 1972-ல் ரிக்கியும் பிளாண்டியும் பீச் பாய்ஸிலேயே சேர்ந்துவிட்டார்கள். 'செயில் ஆன், செய்லர்' பாட்டில் கேட்கிற குரல் டர்பன்காரர் பிளாண்டியின் குரல். ஸ்டீவ் ஊருக்குத் திரும்பி வந்து, 2020-ல் காலமாகும் வரை இங்கேதான் இருந்தார்.

இனி விலை. நிறைய விற்ற பாட்டின் தட்டு அபூர்வமில்லை. டர்பனில் எத்தனையோ வீடுகளில் அது இருந்தது. அபூர்வமானது கீறலில்லாத பிரதி, ஏனென்றால் எல்லோரும் அதைத் தேயத் தேயப் போட்டுக் கேட்டார்கள். யாரும் வாங்காமல் கடையிலேயே தங்கிப்போன சிங்கிளுக்குத்தான் (பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சின்னத் தட்டு) இன்று சேகரிப்பவர்கள் அடித்துக்கொள்கிறார்கள். ஆகவே பெட்டியில் உங்களுக்குத் தெரியாத பெயர்கள் எவை என்று முதலில் பாருங்கள்.

ஒன்று கேட்க மறந்துவிட்டீர்கள், நானே சொல்கிறேன். லேபிளில் பேனாவால் பெயர் எழுதியிருக்கும். பார்ட்டிக்குத் தட்டுகளைக் கொண்டுபோனால் கலந்துவிடக் கூடாது என்று அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படி எழுதுவார்கள். வாங்க வருகிறவர் அதைக் காட்டி விலையைக் குறைப்பார். தயவுசெய்து அழிக்காதீர்கள். அழித்தால் லேபிளும் போகும், பெரியப்பா கையெழுத்தும் போகும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்: அசல் அச்சுதான் அச்சு, மறுபதிப்பு வாங்குவது காசைத் தூக்கிப் போடுவது என்று ஒரு கூட்டம் சொல்கிறது. உங்கள் கருத்து?

சேகரிப்பவர்கள் நான்கு பேர் கூடினால் இந்தச் சண்டை வராமல் இருக்காது. அசல்காரர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. அந்தக் காலத்து 45-ஐ, அதாவது நிமிடத்துக்கு 45 தடவை சுற்றும் சிங்கிளை, ஒரு சின்னப் பெட்டியில் ஒரு ஸ்பீக்கர் உள்ள பிளேயரையும் ஜூக்பாக்ஸையும் மனதில் வைத்து வெட்டினார்கள். சத்தமாக, மோனோவில், நடுவிலிருந்து நெஞ்சில் மோதுகிற மாதிரி. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம்தான் என்பதால் முள் ஓடும் குழிகளை அகலமாக வெட்ட இடம் இருந்தது. அதே பாட்டை எல்பியில் கேட்டால் கொஞ்சம் மெலிந்துதான் இருக்கும்.

ஆனால் மறுபதிப்பு எல்லாம் குப்பை என்பதை நான் ஏற்க மாட்டேன். ஜாம்பியா, நைஜீரியா பதிவுகள் பலவற்றில் மூல டேப் கிடைப்பதே கஷ்டம். தேய்ந்த தட்டிலிருந்தே எடுத்துச் சுத்தம் செய்து வெளியிடுகிறார்கள். சிலர் அளவோடு செய்கிறார்கள். சிலர் இரைச்சலைத் துடைக்கிறேன் என்று சிம்பல் ஓசையையும் சேர்த்துத் துடைத்துவிடுகிறார்கள். வாங்குமுன் ஒரு பாட்டைக் கேட்டுப் பாருங்கள். டிரம்மர் சிம்பலில் அடிப்பது தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல இருந்தால் விட்டுவிடுங்கள்.

அதைவிட முக்கியமாக நான் பார்ப்பது உரிமை. யாரிடம் அனுமதி வாங்கினார்கள், குழுவில் யார் யார் வாசித்தார்கள் என்று உறையில் போட்டிருக்கிறதா? நவ்-அகெய்ன் மாதிரி கம்பெனிகள் இசைக்கலைஞர்களைத் தேடிப் போய்ப் பேசி, புகைப்படம் வாங்கி, கதையோடு வெளியிட்டார்கள். அப்படிப்பட்ட மறுபதிப்புக்குக் கொடுக்கும் காசில் ஒரு பங்காவது வாசித்தவர் வீட்டுக்குப் போக வழி உண்டு. அசல் தட்டை ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கினால் வாசித்தவருக்கு ஒரு சென்ட்கூடப் போகாது. அசல்காரர்கள் இதைப் பேசுவதே இல்லை, எனக்கு அது வருத்தம்தான்.

நான் எப்படி வாங்குகிறேன் என்றால், ஜாம்பியாவுக்கு அனுமதியோடு வந்த மறுபதிப்பு, டர்பன், ஜோகன்னஸ்பர்க் சிங்கிள்களுக்கு அசல், ஏனென்றால் இங்கே வந்த சிங்கிள்களில் மறுபதிப்பே காணாதவை ஏராளம்.

ஃபீனிக்ஸ் வாசகர்: பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவலாமா? தேங்காய் எண்ணெய் தடவினால் பளபளக்கும் என்று மாமா சொல்கிறார்.

எண்ணெய் கூடவே கூடாது. குழிக்குள் போய்த் தூசியோடு சேர்ந்து பசையாகிவிடும். காய்ச்சி வடித்த நீரில் ஒரே ஒரு சொட்டுச் சோப்பு விட்டு, மென்மையான துணியால் குழியின் போக்கிலேயே வட்டமாகத் துடைத்து, வெறும் நீரால் மறுபடி கழுவி, நிற்க வைத்துக் காயவிடுங்கள். லேபிள் நனையக் கூடாது. நம் கடற்கரை ஈரப்பதத்தில் பழைய காகித உறைதான் பூசணத்துக்கு வீடு. கழுவிய தட்டைப் பூசணம் பிடித்த அதே உறையில் திரும்பப் போட்டால் பட்ட பாடு வீண். உறையில் எழுத்தோ கடை முத்திரையோ இருந்தால் வெயிலில் காயவைத்துத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். தட்டை மட்டும் வெயிலில் வைக்காதீர்கள், வளைந்துவிடும்.

லெனேஷியா வாசகர்: ஜாம்பியாவின் ராக்கை ஜாம்ராக், ஜாம்ராக் என்று எல்லோரும் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்கள். கேட்டுப் பார்த்தேன், ஹெண்ட்ரிக்ஸையும் ரோலிங் ஸ்டோன்ஸையும் பார்த்துக் காப்பி அடித்தது மாதிரிதான் இருக்கிறது. வெள்ளைக்காரச் சேகரிப்பாளர்கள் கிளப்பிவிட்ட மோகமோ?

மோகம் கிளம்பியது உண்மை. விலை ஏறியதும் அதனால்தான். ஆனால் காப்பி என்பதில் எனக்கு உடன்பாடில்லை.

ஜாம்பியா 1964-ல் சுதந்திரம் பெற்றது. செம்பு விற்ற காசில் காப்பர்பெல்ட் நகரங்கள் செழித்தன. சுரங்க ஊர்ப் பையன்கள் கையில் எலக்ட்ரிக் கித்தார் வந்தது. வானொலியில் நூற்றுக்கு 95 உள்நாட்டு இசையாக இருக்க வேண்டும் என்று ஜனாதிபதி கவுண்டா சொன்னார். அந்த இடத்தை நிரப்பத்தான் இந்தக் குழுக்கள் எழுந்தன. விட்ச் குழுவின் பாடகர் ஜகாரி சாண்டா, அந்த 'ஜகாரி' மிக் ஜாகரின் பெயரிலிருந்து வந்ததுதான், அதை மறைக்கவும் இல்லை. ஆனால் அமனாஸ் குழு 1975-ல் போட்ட 'ஆஃப்ரிகா'வைக் கேளுங்கள், அவசரமே இல்லாத அந்த மந்தமான நடையும் கரகரத்த ஃபஸ் கித்தாரும் லண்டனில் யாரும் வாசித்தது இல்லை. ரிக்கி இலிலோங்காவின் மூசி-ஓ-துன்யா குழுவில் தாளம் முழுக்க உள்ளூர். பால் ங்கோஸி உள்ளூர் மொழியில் பாடினார், அவர் ஊர் ஜனங்கள் அவரைத் தங்கள் ஆளாகப் பார்த்தார்கள்.

முடிவும் அவர்களோடு சேர்ந்ததுதான். எழுபதுகளின் நடுவில் செம்பு விலை விழுந்தது, எண்ணெய் விலை ஏறியது, கச்சேரி பார்க்க ஜனங்களிடம் காசில்லை. எண்பதுகளில் எய்ட்ஸ் வந்து அந்தத் தலைமுறை வாசிப்பாளர்களில் பலரைக் கொண்டுபோனது. ஜகாரி தப்பிப் பிழைத்து, ரத்தினக்கல் தோண்டிப் பிழைத்துக்கொண்டிருந்தவர், மறுபதிப்புகள் வந்த பிறகு மறுபடியும் மேடை ஏறி ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பாடினார். மோகத்தால் ஒரு நல்லதும் நடக்கவில்லை என்று எப்படிச் சொல்வது?

உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் அது உங்கள் காது, நான் சண்டைக்கு வரவில்லை. ஆனால் எல்பியைத் தள்ளி வைத்துவிட்டு நைஜீரிய சிங்கிள்களைக் கேட்டுப் பாருங்கள். பையாஃப்ரா போர் என்ற நைஜீரிய உள்நாட்டுப் போர் 1970-ல் முடிந்தது. வீடு வாசல் இழந்த கிழக்குப் பகுதியில் இளைஞர்கள் குழு குழுவாக ராக் வாசிக்க ஆரம்பித்தார்கள். அங்கே ஆபா நகரத்துக் குழுதான் த ஃபங்கீஸ். அவர்களுடைய 'அகுலா ஓவு ஓன்யெஆரா' சிங்கிளைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்க முடிந்தால் எனக்கு எழுதுங்கள். ஓஃபோ த பிளாக் கம்பெனி என்ற குழு 1972-ல் போட்ட சிங்கிள் ஒன்று உண்டு, அந்தக் கித்தார் இரைச்சலைக் கேட்டால் காப்பி என்ற வார்த்தை வாயில் வராது. எல்பி மட்டும் சேகரிக்கிறவர்கள் இவற்றை எல்லாம் தவறவிடுகிறார்கள். பல குழுக்களுக்கு எல்பி போடும் அளவுக்குக் கம்பெனி காசு செலவழிக்கவே இல்லை. இரண்டு பாட்டு, ஒரு சின்னத் தட்டு, அவர்கள் விட்டுப்போனது அவ்வளவுதான். அதனால்தான் நான் சிங்கிள் பக்கம்.

டொங்காட் வாசகி: எங்கள் நாட்டு ராக் சிங்கிள்கள் ஏன் இவ்வளவு குறைவாகக் கண்ணில் படுகின்றன? இங்கே குழுக்களே இல்லையா?

குழுக்கள் இருந்தன, வானொலி இல்லை. அரசு வானொலியான எஸ்ஏபிசி எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது என்று குழு வைத்து முடிவு செய்தது. ஜான் லென்னன் சொன்ன ஒரு வார்த்தைக்காக 1966-லிருந்து 1971 வரை பீட்டில்ஸையே போடவில்லை. வேண்டாத பாட்டை யாரும் தவறிப் போட்டுவிடக் கூடாது என்று தட்டிலேயே கூர்மையான எதையாவது வைத்துக் கீறி வைத்தார்கள். ஒரு வானொலிக்கு ஒரு மொழி என்ற கணக்கு வேறு. 1976-ல் ஜானி கிளெக்கும் சிபோ மசூனுவும் போட்ட 'வோசா ஃபிரைடே' ஆங்கிலமும் ஜூலுவும் கலந்த பாட்டு, அதை எந்த நிலையத்தில் சேர்ப்பது? இளைஞர்கள் மொசாம்பிக்கிலிருந்து வந்த எல்எம் ரேடியோவைத் திருப்பி வைத்துக் கேட்டார்கள். அதுவும் 1975-ல் போனது.

டர்பனில் 1966-ல் ஆரம்பித்த ஃப்ரீடம்ஸ் சில்ட்ரன் கதையைப் பாருங்கள். 'சுதந்திரத்தின் பிள்ளைகள்' என்று அந்த இனவெறி ஆட்சியில் பெயர் வைத்துக்கொள்ள எவ்வளவு துணிச்சல் வேண்டும்! ஆரம்பகால சிங்கிளில் ஃப்ளீடம்ஸ் சில்ட்ரன் என்று ஓர் எழுத்தை மாற்றித்தான் அச்சடித்தார்கள். 1970-ல் வந்த 'ஆஸ்ட்ரா' எல்பியை உலகம் பூராவும் தேடுகிறார்கள். ஆனால் அந்த மாற்றுப்பெயர் அச்சான சின்னத் தட்டைக் கையில் பிடித்தால் அந்தக் காலம் எப்படி இருந்தது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

சோவெட்டோவில் த பீட்டர்ஸ் என்று ஒரு குழு, சிபோ மபூஸே, செல்பி ந்துலி, அலெக் காவோலி. ரொடீசியாவில் (இன்றைய ஜிம்பாப்வே) ஹராரி என்ற கறுப்பர் குடியிருப்பில் கச்சேரி செய்துவிட்டு வந்து, அந்த ஊர்ப் பெயரையே குழுவுக்கு வைத்துக்கொண்டார்கள். கறுப்பர்களுக்கு ஒரு கடை, வெள்ளையருக்கு ஒரு கடை, இந்தியர்களான நமக்கு டர்பனின் கிரே ஸ்ட்ரீட் என்று பிரித்து வைத்த நாட்டில் தட்டுகளும் பிரிந்தே கிடந்தன. இன்றைக்கும் வெள்ளையர் சேகரிப்பில் ஹராரி குறைவு, சோவெட்டோ சேகரிப்பில் ஃப்ரீடம்ஸ் சில்ட்ரன் குறைவு. நம் வீட்டுப் பெட்டிகளில் இரண்டும் கலந்து கிடக்கலாம், அதனால்தான் பெட்டியைத் தூக்கிக் கொடுக்காதீர்கள் என்று நான் கத்துகிறேன்.

மெரெபேங்க் வாசகர்: தாத்தா வைத்துப் போன தட்டுகளில் சில கனமாக இருக்கின்றன, விழுந்தால் உடைகின்றன. 45-ஐப் போடும் அதே முள்ளில் போடலாமா?

போடாதீர்கள் தம்பி. கனமாக, உடையக்கூடியதாக இருந்தால் அது 78, அதாவது நிமிடத்துக்கு 78 தடவை சுற்றும் பழைய தட்டு, அரக்கில் செய்தது. ஆப்பிரிக்காவில் அறுபதுகளின் கடைசி வரைகூட 78 வந்துகொண்டிருந்தது, அதனால் ராக் காலத்துத் தட்டும் 78-ஆக இருக்க வாய்ப்புண்டு. அதன் குழி அகலம், அதற்குச் சுமார் 75 மைக்ரான் அளவுள்ள தடித்த முள் வேண்டும். ஸ்டீரியோ 45-க்கு 18, பழைய மோனோவுக்கு 25. மெல்லிய முள்ளை 78-ல் வைத்தால் குழியின் அடியில் உரசிக்கொண்டு இரைச்சலைத்தான் வாசிக்கும். இன்னொன்று, ஸ்பிரிட் கலந்த எந்தக் கிளீனரும் 78-க்கு ஆகாது. அரக்கு சாராயத்தில் கரையும். தாத்தா பெட்டியில் பழைய தமிழ்ப் பாட்டு 78 இருந்தால் அவற்றையும் இப்படியே பார்த்துக்கொள்ளுங்கள்.

பெயர் போட விரும்பாத வாசகர், டர்பன்: தேவாரம், திருப்புகழ் தட்டுகளைப் பற்றி எழுத வேண்டிய தமிழ்ப் பத்திரிகையில் ராக் இசைக்கு எதற்கு இவ்வளவு பக்கம்?

தேவாரத் தட்டுகளைப் பற்றியும் எழுதுவோம், அது வேண்டும். ஆனால் நம் அப்பாக்களும் அத்தைகளும் காவடிக்கு உம்பிலோ கோயிலுக்குப் போய்விட்டு, அதே வாரக் கடைசியில் ஃபிளேம்ஸ் பாட்டுக்கு ஆடவும் செய்தார்கள். இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டம் வந்து கேட்டோ மேனரிலிருந்து சாட்ஸ்வொர்த்துக்கு லாரியில் சாமான் ஏற்றியபோது, எதை எடுப்பது எதை விடுவது என்று பார்த்துப் பார்த்து எடுத்த வீடுகள் அவை. அப்புறம் அந்த வீடுகளில் சேர்ந்த தட்டுகள் இவை. நம் ஜனங்கள் எதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டார்கள் என்பது நம் சரித்திரம் இல்லையா? யாரும் எழுதாவிட்டால் இந்தத் தெருக்களில் இசையே இல்லை என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள்.

க்கேபெர்ஹா வாசகர்: வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரிடம் ஆன்லைனில் ஒரு சிங்கிள் வாங்கினேன். தரம் 'விஜி பிளஸ்' (மிக நன்று, அதற்கும் மேல்) என்று போட்டிருந்தார். வந்ததோ வறுத்த அப்பளம் மாதிரிப் பொரிகிறது. ஏமாற்றிவிட்டாரா?

ஏமாற்றியிருக்கலாம். கண்ணால் மட்டும் பார்த்துத் தரம் போட்டிருக்கவும் வாய்ப்புண்டு. பழைய பிளேயர்களில் முள்ளின் பாரம் அதிகம். குழியின் சுவரே தேய்ந்திருக்கும், மேலே பார்த்தால் பளபளவென்று இருக்கும். நேர்மாறாக, பார்க்கக் கோரமாக இருக்கிற மெல்லிய கீறல்கள் முள்ளுக்குத் தெரியாமலே போவதும் உண்டு. ஆப்பிரிக்க சிங்கிளுக்கு 'போட்டுக் கேட்டீர்களா?' என்ற கேள்விதான் முதல் கேள்வி. கேட்டு, பாட்டின் ஆரம்பத்தையும் கடைசி அரை நிமிடத்தையும் பதிவு செய்து அனுப்பச் சொல்லுங்கள். கடைசியில்தான் தேய்மானம் நன்றாகக் கேட்கும். அனுப்ப மறுத்தால் வேறு ஆளைப் பாருங்கள். வாங்குமுன் தபால் செலவோடு நம் 15 சதவீத வாட் வரியையும் கூட்டிப் பாருங்கள், மலிவு என்று நினைத்தது பல சமயம் மலிவாக இருக்காது.

இப்போது வந்ததை வீசாதீர்கள். ஒரு தடவை நன்றாகக் கழுவுங்கள், பிறகு 25 மைக்ரான் மோனோ முள்ளில் போட்டுப் பாருங்கள். அது குழிச்சுவரில் வேறொரு உயரத்தில் உரசும், தேயாத இடம் கிடைத்தால் பொரிச்சல் பாதி அடங்கும்.

வெருலம் வாசகி: கையில் காசு ஒரே ஒரு தட்டுக்குத்தான் இருக்கிறது. எதை வாங்க?

வெல்ஸ் ஃபார்கோ என்ற குழுவின் 'வாட்ச் அவுட்'. ரொடீசியாவில் விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்த எழுபதுகளில் வந்த சிங்கிள், எப்பா சிதாம்போ பாடியது. அசல் வேண்டாம், விலை தாங்காது. 2016-ல் வந்த மறுபதிப்பைத் தேடுங்கள். எச்சரிக்கை மணி மாதிரி ஒரு பாட்டு, கித்தார் ஆரம்பிக்கும்போதே ஏதோ வரப்போகிறது என்று தெரிந்துவிடும்.

கடைசியாக எல்லோருக்கும்: உங்கள் வீட்டுப் பெட்டியில் டர்பன் குழு எதுவாவது போட்ட சிங்கிள் இருந்தால், லேபிளின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்துப் பத்திரிகைக்கு அனுப்புங்கள். விலைக்குக் கேட்கவில்லை. யார் வாங்கினார்கள், எந்தக் கடையில், எந்த டான்ஸில் போட்டார்கள் என்று தெரிந்ததையும் கூடவே எழுதுங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.